ஒன்பதாம் சுற்று

அந்தக் கவரை நான் இந்தப் பக்கம் வைத்துக்கொள்கிறேன், டீச்சர். உங்கள் மேல் சந்தேகம் இல்லை. பேருந்து குலுங்கினால் கீழே விழும், அதற்குத்தான். டீச்சர்தானே நீங்கள்? மடியில் விடைத்தாள் கட்டு, கையில் சிவப்புப் பேனா. பேட்டை தாண்டுவதற்குள் ஏழு தாள் திருத்திவிட்டீர்கள். மூன்றாவது தாளில் பதினாறு என்று கூட்டிப் போட்டிருக்கிறீர்கள். பதினேழு வரும். நான் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. பிள்ளைக்கு ஒரு மார்க் போய்விடக்கூடாதே என்று சொன்னேன்.

எடுத்துப் பார்த்தீர்களா? பதினேழுதானே? சரி.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஸ்கேன் எடுக்கிற இடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், யாரிடமும் வாய் திறக்கவில்லை. பதினான்கு பேர் இருந்தார்கள். என் சீட்டு பத்தொன்பது. எனக்கு முன்னால் இருபதை உள்ளே கூப்பிட்டார்கள். ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் குறித்துக்கொண்டேன். எதையும் நம்பி உள்ளே போகிற ஆள் இல்லை நான். நீங்கள் அந்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்குச் சொந்தம் இல்லையே? கல்லிடைக்குறிச்சியா? அப்படியென்றால் சரி.

என் பெயர் உலகம்மாள். அம்பாசமுத்திரத்தில் பிரமநாயகம் அண்ணாச்சியின் பலகாரக் கூடத்தில் இருபத்தாறு வருஷமாகக் கைமுறுக்கு சுற்றுகிறேன். அச்சில் போட்டுப் பிழிகிற முறுக்கு இல்லை. நனைத்த துணியை விரித்து, பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், இந்த மூன்றால் மாவை முறுக்கி முறுக்கிச் சுற்று வைப்பது. சாதாரணத்துக்கு ஐந்து சுற்று. சீமந்தத்துக்கு ஏழு. கல்யாணச் சீருக்கு ஒன்பது, வசதிக்காரர்கள் பதினொன்று கேட்பார்கள். எல்லாம் ஒற்றைப்படை. இரட்டைப்படையில் சுற்றினால் சீர்த்தட்டில் வைக்க முடியாது. இது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கண்ணால் எண்ணிக்கொண்டு சுற்றினால் ஒரு நாளைக்கு நாற்பது தாண்டாது. நான் விரலால் எண்ணுகிறவள். ஒரு சுற்று முடிந்ததும் நடுவிரல் நுனியால் நடுவிலிருந்து வெளியே ஒரு தடவு. மேடு, பள்ளம், மேடு, பள்ளம். எத்தனை மேடு என்று விரல் சொல்லிவிடும். கண் அடுத்த உருண்டை மாவில் இருக்கும். அண்ணாச்சி வாடிக்கைக்காரர்களிடம் சொல்லுவார், "உலகம்மாக்கா விரல்ல கண்ணு இருக்கு"ன்னு. நானாகச் சொல்லவில்லை, அவர் சொன்னது.

இப்போது இந்தக் கவரில் என்ன எழுதியிருக்கிறது என்றால், அந்த விரலில் கண் இல்லை என்று. அதை நம்புவதா வேண்டாமா என்பதுதான் காலையிலிருந்து எனக்குள் ஓடுகிறது.

இதெல்லாம் ஆரம்பித்தது இசக்கி வந்த பிறகுதான். போன வருஷம் பங்குனி பத்தாம் தேதி வந்தாள். வீரவநல்லூர்க்காரி, முப்பத்துமூன்று வயசு, இரண்டு பெண்பிள்ளைகள். புருஷன் கேரளாவில் எங்கேயோ. கை சுத்தம், வேலை சுத்தம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பீச்சாங்கைக்காரி. இடது கையால்தான் சுற்றுவாள். கல்யாணச் சீருக்கு வைக்கிற முறுக்கை இடது கையால் சுற்றுவதா? முதல் நாளே அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"கை எதுவா இருந்தா என்னக்கா, சுத்து சரியா இருக்கால்லா?" என்றார்.

"சுத்தும் சரியில்ல அண்ணாச்சி. நம்ம சுத்து கடிகார முள்ளு போற பக்கமா போகும். அவ சுத்து எதிர்ப்பக்கமா போகுது. கோயில்ல சாமிய யாராவது எதிர்ப்பக்கமா சுத்துவாவளா?"

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் இசக்கியிடமே சொன்னேன், "ஏளா, வலமா சுத்திப் பழகு." அவளும் நான்கு நாள் முயற்சி செய்தாள். பீச்சாங்கைக்கு வலச்சுற்று வராது. மாவு பிரிந்து பிரிந்து போயிற்று. "வர மாட்டேங்கு பெரிம்ம" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை. குறையைச் சொன்னால் சிரிக்கிறவளை நம்பக்கூடாது.

ஆடி மாதம் முதன்முதலாக ஒரு எட்டுச் சுற்று முறுக்கைப் பார்த்தேன். துணியில் என் வரிசையில், மூன்றாவது. நான் எட்டு சுற்றுவேனா? இருபத்தாறு வருஷத்தில் என் கையில் எட்டு வந்ததில்லை. எடுத்துப் பிசைந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து இன்னொன்று. பிறகு ஒரே நாளில் இரண்டு. எல்லாம் என் வரிசையில். நான் காபி குடிக்க எழுந்து போகிற நேரத்தில் அவள் தன்னுடையதை என் வரிசையில் நகர்த்தி வைக்கிறாள் என்று அப்போதே புரிந்துவிட்டது. என் பெயரைக் கெடுத்துவிட்டால் கல்யாண வேலை அவளுக்கு வரும் இல்லையா?

சண்டை போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அடையாளம் வைத்தேன். எங்கள் மாவில் சீரகம்தான் சேர்ப்போம், ஓமம் கிடையாது. முந்தானையில் கொஞ்சம் ஓமம் முடிந்து கொண்டுபோய், நான் சுற்றுகிற முறுக்கின் நட்டநடுவில் ஒற்றை ஓமம் வைத்து அழுத்திவிட்டுச் சுற்ற ஆரம்பிப்பேன். யாருக்கும் சொல்லவில்லை. இனி எட்டு வந்தால் அதில் ஓமம் இருக்காது, அகப்பட்டுக்கொள்வாள்.

என்ன ஆயிற்று தெரியுமா? எட்டுச் சுற்று வந்தது, அதிலும் ஓமம் இருந்தது.

எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி பாருங்கள். என் அடையாளத்தையே கண்டுபிடித்துக் களவாடிவிட்டாள்.

ஆவணி இருபத்தொன்றில் கடையத்துக்கு ஒரு கல்யாணம். நூற்றொரு முறுக்கு, ஒன்பது சுற்று. ஐம்பத்தெட்டு நான் சுற்றினேன், நாற்பத்துமூன்று அவள். நிச்சயமாகச் சொல்வேன், எழுதி வைத்திருக்கிறேன். மண்டபத்தில் மாப்பிள்ளையின் அத்தை ஒரு அம்மாள், தட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார். நானாக இருந்தாலும் எண்ணுவேன், அதில் தப்பு இல்லை. நான்கு முறுக்கில் எட்டுச் சுற்றுதான் இருந்திருக்கிறது. "எட்டுச் சுத்து எங்க பக்கம் இழவு வீட்டுக்குத்தான் வைப்பாவ" என்று தட்டையே தள்ளி வைத்துவிட்டாராம். பெண்ணின் அப்பா மறுநாள் அந்த நான்கையும் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு வந்து அண்ணாச்சியின் மேஜையில் வைத்தார். சத்தம் போடவில்லை. "நீங்களே எண்ணிக்கிடுங்க" என்றார், போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நான் முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான்கிலும் ஓமம். "அண்ணாச்சி, இது நான் வச்ச அடையாளம். இவ அதையும் பாத்து வச்சு என் தலையில கட்டுதா" என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் இன்னொருத்தி மேல் சொன்ன ஒரே புகார் அதுதான். அண்ணாச்சி இருபத்தாறு வருஷத்தையும் ஒரு அஞ்சு மாசத்தையும் தராசுத் தட்டில் வைத்துப் பார்த்தார். எது இறங்கும்?

இசக்கி கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். "நான் செய்யல அண்ணாச்சி" என்றாள். ஒரே தடவைதான் சொன்னாள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகும்போது என் பக்கம் திரும்பி, "பெரிம்ம, எண்ணிப் பாத்திய. ஒரு தடவ பாக்கவும் செய்யுங்க" என்றாள்.

அது என்ன பேச்சு? எண்ணிப் பார்த்த பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? திமிர் என்று விட்டுவிட்டேன்.

அவளுக்கு வேறு கூடத்தில் இடம் கிடைக்கவில்லை. இந்தச் செய்தியெல்லாம் பேருந்தைவிட வேகமாகப் போகும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, எங்கே போய்க் கேட்டாலும் "எட்டுச்சுத்து இசக்கியா?" என்றுதான் கேட்டார்களாம். பட்டப்பெயரே ஆகிவிட்டது. சின்னப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் "எட்டுச்சுத்து மகளே" என்று கூப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது தப்பு. பிள்ளையை ஏன் சொல்ல வேண்டும்? இப்போது வீட்டில் பீடி சுற்றுகிறாள். வீரவநல்லூரில் இறங்கினால் நாலாவது சந்து. வீட்டைப் பார்த்ததில்லை, விசாரித்து வைத்திருக்கிறேன். எதிரி எங்கே இருக்கிறாள் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

சரி, அவள் போய்விட்டாள். எட்டும் போயிருக்க வேண்டும். போகவில்லை.

ஐப்பசியிலிருந்து மாசி வரை இருபத்துமூன்று எட்டு. அண்ணாச்சி தானே உட்கார்ந்து எண்ணத் தொடங்கிவிட்டார். எனக்குச் சந்தேகம் சுடலைமுத்து மேல். எண்ணெய்ச் சட்டியில் போட்டு எடுக்கிறவன். இசக்கியோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன். கரண்டி நுனியால் கடைசிச் சுற்றை உடைத்துவிடுகிறான், அவள் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவன் பக்கத்தில் முக்காலியைப் போட்டு நான்கு நாள் உட்கார்ந்தேன். கண் கொட்டவில்லை. அவன் கரண்டி தப்புச் செய்யவில்லை. நாலாம் நாள் திடீரென்று என் கையைப் படாரென்று தட்டிவிட்டான்.

"எக்கா, சட்டி மேல கைய வச்சுக்கிட்டு என்ன செய்திய?"

பார்த்தால் ஆள்காட்டி விரல் வெந்து வெள்ளையாக இருந்தது. சட்டி விளிம்பில் விரல் எவ்வளவு நேரம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிற எனக்கு அதற்குக் கணக்கு இல்லை. சுடவே இல்லை, டீச்சர். இதோ, தழும்பு.

விரல் மரத்துப்போவது கொஞ்ச நாளாகவே உண்டு. விடிந்து எழுந்தால் இந்த மூன்று விரலும் யாரோ கடன் கொடுத்த விரல் மாதிரி இருக்கும். உதறினால் சரியாகிவிடும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை. பித்தான் போட வராது. டம்ளர் இரண்டு தடவை நழுவியது. அதற்கும் எனக்கு ஒரு காரணம் தோன்றியிருந்தது. இசக்கி மாவில் எதையோ கலந்திருக்கிறாள், சுண்ணாம்போ சோடாவோ, என் பக்கத்து மாவில் மட்டும். வேலை செய்கிற மூன்று விரல்தானே மரக்கிறது? மாவு படாத சுண்டுவிரல் நன்றாக இருக்கிறதே. கணக்கு சரியாகத்தானே வருகிறது?

அண்ணாச்சி விடவில்லை. "சித்திரையில பெரிய எடத்துக் கல்யாணம், எரநூத்தியொண்ணு, பதினோரு சுத்து. ஒங்க கைய டாக்டர்ட்ட காட்டிட்டு வந்து சொல்லுங்க. கை சரியில்லன்னா நான் வேல ஒத்துக்கிட மாட்டேன்" என்றார். துணைக்கு ஆள் அனுப்புகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். துணைக்கு வருகிறவன் அங்கே டாக்டர் காதில் என்ன சொல்லுவான் என்று யார் கண்டது?

எலும்பு டாக்டர் இரண்டு கை மணிக்கட்டையும் மடக்கி, புறங்கையோடு புறங்கை சேர்த்து ஒரு நிமிஷம் வைக்கச் சொன்னார். நான் மனதுக்குள் எண்ணினேன். நாற்பத்தெட்டிலேயே போதும் என்றுவிட்டார். மரக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். மரத்தது. ஆனால் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு நாற்பத்தெட்டில் நிறுத்துகிறவரிடம் நான் ஏன் உண்மையைச் சொல்ல வேண்டும்? நரம்பில் கரண்ட் வைத்துப் பார்க்கலாம் என்றார். கரண்ட் வைக்க விட மாட்டேன் என்றேன். "அப்ப ஸ்கேன் எடுங்கம்மா, அது வலிக்காது" என்று எழுதிக் கொடுத்தார்.

என்ன ஸ்கேன் என்று நினைக்கிறீர்கள்? பிள்ளைத்தாய்ச்சிக்கு வயிற்றில் வைத்துப் பார்ப்பார்களே, அதேதான். வெளியே உட்கார்ந்திருந்த பதினான்கு பேரில் ஒன்பது பேர் பிள்ளைத்தாய்ச்சிகள். அறுபத்துநாலு வயசில் அவர்கள் நடுவில் நான். கையை நீட்டிக் காட்டிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன், யாரும் தப்பாக நினைக்கக்கூடாது என்று.

உள்ளே ஒரு பெண் டாக்டர். என் மருமகள் வயசு. முதலில் ஒரு காரியம் செய்தேன். மெஷினுக்கு ஒரு பரீட்சை வைத்தேன்.

"எந்தக் கைம்மா?" என்று கேட்டார்.

"எடது" என்றேன்.

பொய்தான். உண்மையைச் சொன்னால் அதையே திருப்பிச் சொல்லிவிடுவார்கள் இல்லையா? மணிக்கட்டில் குளிர்ச்சியாக எதையோ தடவி, சோப்புக்கட்டி அளவு ஒன்றை வைத்து அழுத்தினார். திரையில் கறுப்பும் சாம்பலுமாகத் தெரிந்தது. அப்படியும் இப்படியும் நகர்த்தினார். நெற்றியைச் சுருக்கினார்.

"இந்தக் கை நல்லா இருக்கேம்மா. வலது கையக் குடுங்க பாப்போம்."

கொடுத்தேன். வைத்த உடனே, "ம்" என்றார். "பாட்டி, டாக்டருக்கே டெஸ்டா?"

எனக்குக் கூச்சமாகப் போயிற்று. ஆனாலும் கேட்டேன், "என்ன தெரியுது? எனக்கும் காட்டுங்க."

காட்டினார். அதை அவர் நன்றாகச் செய்தார், மறைக்கவில்லை. மணிக்கட்டுக்குள் ஒரு சின்னச் சுரங்கம் மாதிரி வழி இருக்கிறதாம். கீழே எலும்பு, மேலே கெட்டியான ஒரு பட்டை. அந்த வழியாக விரலை மடக்குகிற நாண்கள் ஒன்பது போகின்றனவாம், அவற்றோடு ஒரே ஒரு நரம்பு. அந்த நரம்புதான் இந்த மூன்று விரலுக்கும் உணர்ச்சி கொடுப்பது. மோதிர விரலுக்குப் பாதி. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு, அது வேறு வழியாகப் போகிறது. சுண்டுவிரலைப் பற்றி நான் அவரிடம் சொல்லவே இல்லை.

"ஒன்பதுன்னு சொன்னீங்கள்ளா," என்றேன், "எண்ணிக் காட்டுங்க."

வெளியே அத்தனை பேர் காத்திருக்க, அந்தப் பெண் எண்ணிக் காட்டினார். விரலை ஒவ்வொன்றாக மடக்கச் சொன்னார். நான் மடக்க மடக்கத் திரையில் ஒவ்வொரு புள்ளியாக நெளிந்தது. பெருவிரலுக்கு ஒன்று. மற்ற நாலு விரலுக்கும் இரண்டிரண்டு. நானும் கூடவே எண்ணினேன். ஒன்பதுதான் வந்தது. ஒன்பது சரியாக எண்ணத் தெரிந்த மெஷினை எப்படித் திட்டுவது?

பிறகு நரம்பைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் கோடு போட்டார். குறுக்கே வெட்டிய தேன்கூடு மாதிரி இருந்தது. கோடு போட்டதும் மெஷினே அளவு சொல்லுகிறது. இடது கை எட்டு. வலது கை பதினேழு. பத்துக்குள் இருந்தால் நல்ல நரம்பாம். நெரிபட்டு நெரிபட்டு வீங்கினால் ஏறுமாம்.

எட்டு நல்லது, பதினேழு கெட்டது என்றால் என் மண்டையில் எப்படி ஏறும், டீச்சர்? இருபத்தாறு வருஷமாக நான் கண்டது வேறு கணக்கு. "அளந்தது சரிதானா, இன்னொரு தடவ போடுங்க" என்றேன். போட்டார். பதினேழு. மூன்றாவது தடவை கேட்கக் கூச்சமாக இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். பெருவிரலுக்குக் கீழே இந்தச் சதையைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வலது கையில் பள்ளமாக இருக்கிறது பாருங்கள். "சதை இவ்ளோ வத்தியிருக்கே. இது நேத்து வந்ததில்ல பாட்டி. ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும், ஒன்றரை வருஷம்னாலும் ஆச்சரியமில்ல. இந்த விரல்ல தொட்டா ஒங்களுக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது. தெரியுதுன்னு நெனச்சிருப்பீங்க."

இன்று பங்குனி பன்னிரண்டு. இசக்கி வந்தது போன பங்குனி பத்து. ஒரு வருஷமும் இரண்டு நாளும். ஒன்றரை வருஷம் என்றால் அவள் எங்கள் கூடத்து வாசலை மிதிப்பதற்கு முன்னாலேயே. அப்படியானால் மாவில் கலந்தது யார்?

டாக்டருக்குத் தேதி எப்படித் தெரியும்? நரம்பில் முத்திரையா குத்தியிருக்கிறது? சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பார். பட்டையை லேசாக அறுத்துவிட்டால் நரம்புக்கு மூச்சு வரும், உணர்ச்சி திரும்பலாம், எலும்பு டாக்டர் சொல்லுவார் என்றார். பார்த்தீர்களா, கத்தியில்தான் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அதனால் நான் ஒரு முடிவோடுதான் இந்தப் பேருந்தில் ஏறினேன். அண்ணாச்சியிடம் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுவது. சித்திரைக் கல்யாணத்துக்குக் கண்ணால் எண்ணிச் சுற்றினால் போயிற்று. மெதுவாகத்தான் வரும், வரட்டும்.

ஆனால் ஒன்று. கவரில் வேறு எதுவும் எழுதி ஒட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நான் அஞ்சாம் வகுப்பு, இது இங்கிலீஷில் இருக்கும். நீங்கள் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். எண்ணை மட்டும் சொன்னால் போதும்.

வலது பதினேழு. இடது எட்டு. ம். வாயால் சொன்னதும் எழுதியதும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

சேரன்மகாதேவி வந்துவிட்டதா? கூட்டம் ஏறுகிறது, தள்ளி உட்காருங்கள். இன்னும் ஒரு சின்ன உபகாரம். நீங்கள் நடுவான ஆள். கூட்டல் தப்பைச் சொன்னதும் கோபப்படாமல் திருத்தினீர்களே, அதனால் கேட்கிறேன். இந்தப் பையில் ஒரு தகரச் சம்படம் இருக்கிறது. மூடியைத் திறக்க என் விரலுக்குப் பலம் போதாது. திறங்கள்.

அந்தக் கடையத்து முறுக்குதான். நான்கில் ஒன்றைச் சாட்சிக்கு வைத்திருக்கிறேன். ஏழு மாசம் ஆகப்போகிறது, சிக்கு வாடை அடிக்கும். தின்ன வேண்டாம். எங்கே போனாலும் கொண்டுபோவேன். நாளைக்கு யாராவது நான் அநியாயமாகச் சொன்னேன் என்றால் காட்ட வேண்டும் இல்லையா? எண்ணுங்கள். எட்டா? எட்டு. நடுவில் ஓமம் தெரிகிறதா? தெரிகிறதல்லவா? அதுதான் மேல்பக்கம். அடிப்பக்கம் துணியில் ஒட்டித் தட்டையாக இருக்கும்.

இன்னொரு தடவை எண்ணுங்கள். நான் எண்ணுவது மாதிரி குறுக்கே இல்லை, நீங்கள் செய்தீர்களே அப்படி, ஓமத்திலிருந்து விரலை எடுக்காமல் முறுக்கோடேயே சுற்றிச் சுற்றி வெளியே வாருங்கள். மெதுவாக.

கொஞ்சம் நிறுத்துங்கள்.

உங்கள் கைக்கடிகாரத்தைக் காட்டுங்கள். இந்த முறுக்குப் பக்கத்தில் வையுங்கள். முள் எப்படிப் போகிறது? இப்படி. உங்கள் விரல் எப்படிப் போயிற்று?

இன்னும் ஒரு தடவை போங்கள்.

முள் போகிற பக்கமாகவேதான் போகிறது.

இல்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் வேண்டாம். சன்னலை மட்டும் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

அவள் வலமாகச் சுற்றப் பழகியிருக்கலாம். இருக்கலாம் இல்லையா? இல்லை. பீச்சாங்கைக்கு வலச்சுற்று வராது. நானே நான்கு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மாவு பிரிந்து போகும். நானே அண்ணாச்சியிடம் சொன்னேன்.

நான்கிலும் பார்த்தேன், டீச்சர். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எட்டு எட்டு என்று எண்ணினேன், ஓமத்தைத் தேடினேன். எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. ஏழு மாசமாக இந்தச் சம்படம் என் கையிலேயேதான் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை திறந்து எண்ணுவேன்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அண்ணாச்சி முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. சொல்லாமல் எதற்கு என்னைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனாள்? அதுவும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. பாவம் பார்த்தாளோ என்னவோ. என்னைப் பார்த்து இவள் ஏன் பாவப்பட வேண்டும்?

மூடியை இறுக்கி மூடுங்கள். என் கையில் விட்டால் இறுகின மாதிரி இருக்கும், இறுகியிருக்காது. பையின் கயிற்றையும் முடிச்சுப் போட்டுவிடுங்கள். இரண்டு முடிச்சு.

கண்டக்டர் ஐயா, வீரவநல்லூரில் நிறுத்துங்கள். ஆமாம், சீட்டு அம்பாசமுத்திரம் வரைக்கும்தான். தெரியும், நான்தானே வாங்கினேன். முன்னால் இறங்கினால் தப்பா?

மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நினைக்காதீர்கள், டீச்சர். அதெல்லாம் எனக்குப் பேச வராது. சம்படத்தை அவள் முன்னால் வைப்பேன். கவரையும் வைப்பேன். பார்த்துவிட்டேன் என்று சொல்லுவேன், அவ்வளவுதான். பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு அண்ணாச்சியிடம் போக வேண்டும். நான்கு எட்டும் என்னுடையது என்று சுடலைமுத்து காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். அப்போதுதான் பேருந்தைவிட வேகமாகப் போகும். சித்திரைக்கு இருநூற்றொன்று இருக்கிறது. அவள் சுற்றட்டும். எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் பதினொன்று பதினொன்றுதான்.

அவள் வாசலிலேயே நிறுத்தினாலும் நிறுத்துவாள். உள்ளே கூப்பிட்டாலும் கூப்பிடுவாள். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கூப்பிட்டால் காபி கொடுப்பாள். வலது கையால் வாங்கினால் டம்ளரை அவள் வீட்டுத் தரையில் போட்டுவிடுவேன்.

இடது கையால்தான் வாங்க வேண்டும். அந்தக் கைதான் எட்டு.